52 கிலோ பொய்யாம்! மாட்டு வயிற்றைத் திறந்து பார்த்தவன் எழுதுகிறேன்

அரசலாற்றங்கரை | காலை 6.10

நேற்று ராத்திரி ஊர்க்குப்பை பற்றிய இழையில் தஞ்சைத் தராசு எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவர் எழுதியது இதுதான்: "பிளாஸ்டிக் தின்று மாடு சாகிறது என்பது ஊதிப் பெருக்கிய கதை. சென்னையில் ஒரு மாட்டு வயிற்றிலிருந்து 52 கிலோ எடுத்தார்களாம். ஒரு பை என்ன எடை இருக்கும் என்று தெரிந்த எவனும் இதை நம்ப மாட்டான். மாட்டை அவிழ்த்துவிட்டவனை விட்டுவிட்டு, கடைக்காரன் கழுத்தைப் பிடிக்கிறார்கள்."

ஐயா, நான் கால்நடைத் துறையில் 31 வருடம் வேலை பார்த்து, ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். கும்பகோணத்தைச் சுற்றி நான் ஊசி போடப் போகாத தெரு கிடையாது. கதை என்கிறீர்களே, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு தை மாதம். அடுத்தடுத்து முகூர்த்த நாட்கள். ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கலப்பின ஜெர்சி மாடு ஒன்று படுத்துவிட்டது, எழுப்ப முடியவில்லை. விலா எலும்பை எண்ணிவிடலாம், வயிறு மட்டும் பெருத்து நிற்கிறது. சொந்தக்காரர் அதைச் சினை என்று நினைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் விடியற்காலை செத்துப்போனது. டாக்டர் அறுத்துப் பார்த்தார், நான் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டேன். இடது பக்கம் திறந்தால் அரைகுறையாகச் செரித்த தீவனம் சரிந்து கொட்ட வேண்டும். கொட்டவில்லை. ஒரே கட்டி. பெண்பிள்ளைகளுக்கு மூன்று கால் சடை பின்னுவோமே, அந்த மாதிரி பைகள் ஒன்றோடு ஒன்று முறுக்கிப் பின்னிக் கிடந்தன. நுனியைப் பிடித்து இழுத்தால் கயிறு போல வந்துகொண்டே இருந்தது. சாம்பார் கட்டித் தருகிற சின்னக் கவர், வெங்காயம் வருகிற சிவப்பு வலைப்பை, பால் கவர், ஒரு செருப்பு வார். சாம்பார் கவர்களில் பாதிக்கு மேல் முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. ஒன்றை பிளேடால் கீறிப் பார்த்தேன். உள்ளே சோறும் பருப்பும் கறுத்துப் போயிருந்தன. மாட்டின் வயிற்றுக்குள்ளேயே இருந்தும் அந்தச் சோறு மாட்டுக்குக் கிடைக்கவில்லை.

அந்த முடிச்சைப் பற்றித்தான் பேச வந்தேன். மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது. நாக்கை நீட்டி வளைத்துச் சுருட்டி உள்ளே தள்ளும். மெல்லுவதெல்லாம் அப்புறம் அசை போடும்போதுதான். ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும், அதனால் ஓரளவு தப்பிக்கிறது. சோற்று வாசனை வருகிற பையை மாடு அவிழ்க்கவா முடியும்? மிச்சச் சோற்றைப் பையில் போட்டு முடிச்சு போட்டு எறிகிறோமே, அந்த ஒரு பழக்கத்தை நிறுத்தினால் பாதி மாடு பிழைக்கும். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

தஞ்சைத் தராசு | காலை 7.25

பெரியவரே, உருக்கமாக எழுதினீர்கள். நான் கேட்ட கேள்வி மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

52 கிலோ. மெல்லிய கேரி பேக் ஒன்று சுமார் 5 கிராம். கிலோவுக்கு 200 பை. 52 கிலோவுக்கு 10,400 பை. தினம் 10 பை என்று கணக்காகத் தின்றாலும் மூன்று வருடம் ஆகும். நான் 22 வருடம் பை வியாபாரம் செய்தவன். பத்தாயிரம் பை என்றால் இரண்டு பெரிய மூட்டை. இரண்டு மூட்டையை ஒரு மாட்டு வயிற்றில் அடைத்துக் காட்டுங்கள், கடையை மூடிவிடுகிறேன்.

தேரடி வாசல் | காலை 7.41

பெரியவர் எழுதியதைப் படித்து மனசு கனத்துவிட்டது. நாங்கள் திருவாரூர்க்காரர்கள். ஒரு கன்றுக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் ஊர். இன்றைக்கும் கல்தேர் நிற்கிறது, வந்து பாருங்கள். அந்த ஊரிலிருந்து சொல்கிறேன், மனசு இருந்தால் எல்லாம் முடியும். என் மாமா ஜவுளிக்கடையில் பிளாஸ்டிக் பையை நிறுத்தியே பல வருடம் ஆகிறது. துணிப்பைதான் தருகிறார். தஞ்சாவூர் வியாபாரிகளுக்கு அந்த மனசு இல்லை.

தஞ்சைத் தராசு | காலை 7.50

தம்பி, உங்கள் மாமா தருகிற துணிப்பையைத் தைத்திருக்கிறார்களா, ஒட்டியிருக்கிறார்களா? சூடு வைத்து ஒட்டியிருந்தால் அது துணியே இல்லை. ஓரத்தில் கொஞ்சம் வெட்டி நெருப்பு வையுங்கள். துணி என்றால் சாம்பலாகும். உங்கள் மாமா பை உருகிச் சொட்டு விழுந்து கறுப்பு மணியாக நிற்கும். அது பாலிபுரோப்பிலீன், சுத்தமான பிளாஸ்டிக். மனுநீதிச் சோழன் ஊரில் நெருப்புக்குச்சி கிடைக்கும்தானே?

தேரடி வாசல் | காலை 7.58

எங்கள் ஊரைப் பற்றிப் பேச உங்களுக்குத் தகுதி இல்லை. மாமா நல்லெண்ணத்தில் தருகிறார். பத்து வருடம் உழைக்கிற பை அது.

அரசலாற்றங்கரை | காலை 8.20

தேரடித் தம்பி, அந்தப் பையும் கூடாதுதான். தமிழ்நாட்டில் தடை செய்த 14 வகையில் அதுவும் ஒன்று. மாமாவிடம் சொல்லுங்கள். ஆனால் இதைச் சொல்லிக் கொடுக்கிற யோக்கியதை 22 வருடம் பை விற்றவருக்கு எங்கிருந்து வந்தது?

இப்போது மூட்டைக் கணக்குக்கு வருகிறேன். ருமென் என்கிற முதல் வயிறு வளர்ந்த மாட்டுக்கு 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும். பெரிய மாடென்றால் இன்னும் அதிகம். வயிற்றின் இடது பாதி முழுக்க அதுதான். நீங்கள் சொல்கிற இரண்டு மூட்டை அங்கே தாராளமாக உட்காரும். நீங்களே அளவு எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள், நன்றி.

2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மணிக்கணக்காக அறுவை சிகிச்சை செய்து எடுத்தது அந்த 52 கிலோ. திருமுல்லைவாயல் மாடு. எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. 2021இல் ஃபரிதாபாதில் ஒரு சினை மாட்டின் வயிற்றில் 71 கிலோ. அதையும் ஊதினார்களா?

தஞ்சைத் தராசு | காலை 8.31

71ஐ விடுங்கள். நான் 52ஐக் கேட்கிறேன். ஈரத்தோடு எடை போட்டார்களா, காயவைத்துப் போட்டார்களா? உள்ளே தீவனம், தண்ணீர், ஆணி, நாணயம் எல்லாம் சேர்த்துப் போட்டார்களா? அது தெரியாமல் "52 கிலோ பிளாஸ்டிக்" என்று எழுதுவது தராசுக்கே அவமானம்.

மதகு | காலை 9.05

நான் நீடாமங்கலம் பக்கம். விவசாயம். உங்கள் இரண்டு பேர் சண்டையில் ஒரு விஷயம் அடிபட்டுப் போகிறது. மாடு ஏன் டவுனுக்கு வந்தது?

எங்கள் அப்பா காலத்தில் ஊருக்கு ஊர் மேய்க்கால் புறம்போக்கு இருந்தது. இப்போது அதில் என்னென்னவோ கட்டடம். அறுவடை முழுக்க மெஷின். மெஷின் ஓடிய வயலில் வைக்கோல் நசுங்கிக் கிடக்கும். அதையும் கட்டுக் கட்டாகச் சுருட்டி லாரியில் ஏற்றி கேரளா வரைக்கும் அனுப்பிவிடுகிறோம். சம்பா அறுத்ததும் உளுந்து, பயறு தெளித்துவிடுவோம், மாட்டை வயலில் இறக்கவே முடியாது. வீட்டில் வைக்கோல் போர் இல்லை, வெளியில் புல் இல்லை. மாடு எங்கே போகும்? குப்பைத்தொட்டிதான் இப்போது மேய்க்கால்.

இன்னொன்று. ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வரும்போது முதலில் வருவது பைதான். மதகுப் பலகையில் போய் அப்பிக்கொள்ளும். அரிவாளால் வெட்டி எடுத்தால்தான் பலகை ஏறும். மாட்டு வயிறும் மதகும் ஒன்றுதான், அடைத்தால் அடைத்ததுதான்.

நாட்டு மாடு பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் உம்பளச்சேரி மாடு முழங்கால் சேற்றில் உழுகிற ஜாதி. அது இந்தக் கண்ட குப்பையைத் தொடாது. இதெல்லாம் ஜெர்சி வந்த பிறகு வந்த சீக்கு.

அரசலாற்றங்கரை | காலை 9.30

மதகு அண்ணே, வைக்கோல் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. உம்பளச்சேரி விஷயம் தப்பு. கொருக்கை அரசு மாட்டுப் பண்ணையில் அந்த மாடுகளோடு பழகியவன் நான். நல்ல மாடு, கெட்டி மாடு, அதற்கு ஈடு கிடையாது. ஆனால் அதற்கும் நாக்கு அதே நாக்குதான். பசித்தால் எந்த மாடும் சோற்று வாசனைக்குப் போகும்.

மதகு | காலை 9.44

நீங்கள் சர்க்கார் மாட்டைப் பார்த்தவர். நாங்கள் வளர்த்தவர்கள். எங்கள் வீட்டில் ஒரு உம்பளச்சேரியும் பை தின்றதில்லை. அவ்வளவுதான்.

கறவைக்காரி | காலை 10.15

பால் ஊற்றிவிட்டு வந்து இப்போதுதான் படித்தேன். குத்தாலம் பக்கம் எனக்கு மூன்று மாடு. "அவிழ்த்துவிட்டவனைக் கேளுங்கள்" என்கிறாரே தராசுக்காரர், கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

ஒரு மாட்டைக் கட்டிப் போட்டு வளர்க்க எவ்வளவு தீனி வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? புண்ணாக்கு விலை, தவிட்டு விலை விசாரித்ததுண்டா? பால் எடுக்கிற விலை அதே இடத்தில் நிற்கிறது. இரண்டை நான் வரப்போரம் கையில் பிடித்து மேய்க்கிறேன். எல்லாராலும் அது முடியுமா? அப்புறம், அமாவாசையன்று கோயில் வாசலில் அகத்திக்கீரை கொடுத்து என் மாட்டைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். அந்தக் கீரையைக் கொண்டுவந்த கவரை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். கீரைச் சாறு ஒட்டியிருக்கிறது, மாடு அதையும் நக்கி இழுத்துக்கொள்கிறது. நானே வாயில் கையை விட்டு இழுத்திருக்கிறேன். தொண்டைக்குள் போன பாதிப் பை, எச்சில் வழுக்கும், விரலில் பிடி நிற்காது, மாடு தலையை உதறும். அந்தப் புண்ணியம் செய்தவர் அப்போதே வண்டி ஏறிப் போய்விட்டார்.

தஞ்சைத் தராசு | காலை 10.28

அம்மா, உங்கள் கஷ்டம் புரிகிறது. இருந்தாலும் தெருவில் விட்டது நீங்கள்தானே? தெரு மாடு என்று ஒன்றே கிடையாது. சாயங்காலம் கறக்க மட்டும் ஆள் வந்துவிடுகிறார். சென்னை அரும்பாக்கத்தில் 2023இல் பள்ளிக்குப் போன சிறுமியை முட்டித் தூக்கியதே, அதுவும் சொந்தக்காரர் உள்ள மாடுதான். பிடித்துப் பட்டியில் அடைத்து அபராதம் போட்டால் பையும் தின்னாது, பிள்ளையையும் முட்டாது. பிரச்சினை அங்கே இருக்க, இவர் 52 கிலோ என்று பூச்சாண்டி காட்டுகிறார்.

முன்சீப் கோர்ட் தெரு | காலை 11.02

சட்டம் தெரியாமல் பேசுகிறீர்கள். 2018 ஜூன் 25 தேதியிட்ட அரசாணை எண் 84. 2019 ஜனவரி 1 முதல் அமல். கேரி பேக் என்றால் எந்தத் தடிமனாக இருந்தாலும் தடை. 2012இலேயே புட்டபர்த்தி கருணா சொசைட்டி, மாட்டு வயிற்றுப் பிளாஸ்டிக்குக்காக மட்டும் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டது. ஆகவே "கதை" என்று சொல்ல இடமில்லை.

தஞ்சைத் தராசு | காலை 11.10

120 மைக்ரான் தடிமனுக்கு மேல் இருக்கிற பை மத்திய அரசு விதிப்படி செல்லும். 2022 டிசம்பர் 31 முதல் அதுதான் சட்டம். வக்கீல் தெருவில் குடியிருந்தால் மட்டும் வக்கீல் ஆகிவிட முடியாது.

முன்சீப் கோர்ட் தெரு | காலை 11.16

தமிழ்நாட்டில் செல்லாது. "எந்தத் தடிமனாக இருந்தாலும்" என்பதை மறுபடி படியுங்கள். நான் எந்தத் தெருவில் குடியிருந்தால் உங்களுக்கு என்ன? போன வருடம் டிகிரி காபி இழையில் தோற்றுப்போன கோபம் இன்னும் தீரவில்லை போல.

தஞ்சைத் தராசு | காலை 11.19

தோற்றது நானா? சிக்கரி கலந்தால்தான் டிகிரி காபி என்று எழுதியது யார்? எடுத்துப் போடவா?

மாயவரத்து மண் | காலை 11.25

காபி என்று வந்ததால் சொல்கிறேன், கும்பகோணத்துக்காரர்கள் பேர் வாங்கிக்கொண்டார்கள், நல்ல காபி குடித்தது மாயவரம்தான்.

வேதாரண்யம் உப்பு | காலை 11.40

எங்கள் பக்கம் கடற்கரையில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்குகின்றன. சொறிமுட்டை, அதாவது ஜெல்லி மீன், என்று நினைத்துப் பையைத் தின்னும் என்பார்கள். தண்ணீரில் மிதக்கிற வெள்ளைப் பை பார்க்க அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். காவிரியில் போடுகிற பை கடைசியில் எங்களிடம்தான் வருகிறது. அதையும் இந்த இழையில் பேசினால் நல்லது.

அரசலாற்றங்கரை | பகல் 12.05

உப்பு தம்பி, தனி இழை தொடங்குங்கள், நானே முதலில் வந்து எழுதுகிறேன். இங்கே மாட்டு வயிற்றை முடித்துவிடுவோம். காபியை அடுப்பிலேயே வைத்துவிடுங்கள்.

தராசு அவர்களே, ஈரமா காய்ந்ததா என்றுதானே கேட்டீர்கள்? காலையில் நான் சொன்ன அந்த மண்டபத்து மாட்டின் கட்டியை நான் அப்போதே எடை போட்டேன். டாக்டர் கேட்டார் என்பதற்காகப் பழைய இரும்புக்கடைத் தராசில் வைத்தோம். ஈரத்தோடு 23 கிலோ. மனசு கேட்காமல், அதை மூன்று தண்ணீர் விட்டு அலசி, ஆபீஸ் மொட்டைமாடியில் நான்கு நாள் வெயிலில் காயவைத்தேன். நாற்றம் தாங்காமல் மேல்வீட்டில் சண்டைக்கு வந்தார்கள். காய்ந்த பிறகு 9 கிலோ. உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு ஊதிப் பெருக்க வேண்டிய அவசியம் இல்லை.

தஞ்சைத் தராசு | பகல் 12.11

அவரே ஒப்புக்கொண்டார்! 23 கிலோ காய்ந்து 9 கிலோ. அதே கணக்கில் சென்னை 52 கிலோ காய்ந்தால் 20 கிலோ. ஆக 52 பொய். எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள்.

அரசலாற்றங்கரை | பகல் 12.20

9 கிலோவுக்குத்தான் அந்த மாடு செத்தது ஐயா. படித்தீர்களா? 9 கிலோ. உங்கள் கணக்குப்படி 1,800 பை.

வயிற்றில் இருக்கும்போது அது காய்ந்தா கிடக்கும்? தண்ணீரோடும் தீவனத்தோடும்தான் கிடக்கும், அந்த மொத்தப் பாரத்தையும் மாடுதான் சுமக்கும். பாலித்தீன் தண்ணீரைவிட லேசு. கீழே போகாது, தீவனத்தோடு மேலே மிதந்து சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்த வயிற்றுக்குப் போகிற வழி சின்னது, அதில் நுழையாது. அசை போட எடுத்தாலும் மேலே வராது. ஆணி, கம்பி விழுங்கிய மாட்டுக்காவது வாய்வழியாகக் காந்தம் இறக்கிவிடுவோம், தேன்கூடு மாதிரி இருக்கிற இரண்டாம் வயிற்றில் போய் உட்கார்ந்து ஆணியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பைக்கு எந்தக் காந்தத்தை இறக்குவது? இடது விலாப் பக்கம் கிழித்துக் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். அதற்கும் மாடு நிற்கிற தெம்பில் இருக்க வேண்டும்.

முதலில் பால் குறையும். அப்புறம் தீனி குறையும். வயிறு நிறைந்துதானே இருக்கிறது, மாட்டுக்குப் பசியே தெரியாது. வயிறு நிறைந்த மாடு பட்டினியால் சாகிறது. என் பணிக்காலத்தில் நான் பார்த்த சாவுகளில் இதுதான் மெதுவானது. ஒரத்தநாட்டில் 2012இலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். நான் பொய் சொல்கிறேன் என்றால் அங்கே போய்க் கேளுங்கள்.

தேரடி வாசல் | பகல் 12.34

பெரியவருக்கு என் வணக்கம். மாமா கடைப் பையைக் கொளுத்திப் பார்த்தேன். உருகியது. ஆனாலும் கேரி பேக்கைவிட அது மேல்தான்.

கறவைக்காரி | பகல் 12.50

9 கிலோவோ 52 கிலோவோ, தூக்கிப் புதைக்கிறவளுக்கு ஒரே எடை. எங்கள் தெருவில் போன ஐப்பசியில் பொக்லைன் வரச் சொல்லித்தான் புதைத்தார்கள். அந்தக் கூலியும் மாட்டுக்காரி தலையில்.

தஞ்சைத் தராசு | மதியம் 2.15

சாப்பிட்டுவிட்டு வந்தேன். என்னைப் பற்றி ஆளுக்கு ஆள் எழுதியிருக்கிறீர்கள். நானும் மனசைத் திறந்து சொல்லிவிடுகிறேன்.

2019 ஜனவரியில் என் கடையிலிருந்து மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போனார்கள். கடன் வாங்கிப் போட்ட சரக்கு. மாற்றுத் தொழிலுக்கு யாரும் வழி காட்டவில்லை. இரண்டு பையன்களை வேலையை விட்டு நிறுத்தினேன், அதில் ஒருவன் தங்கை கல்யாணத்தை வைத்திருந்தான். அதே சமயம் பால் உறை, எண்ணெய் உறை, மருந்து உறை எல்லாம் விலக்கு. பெரிய கம்பெனி சிப்ஸ் பாக்கெட் பெட்டிக்கடையில் தோரணம் கட்டித் தொங்குகிறது. மாடு சிப்ஸ் பாக்கெட்டைத் தின்னாதா? பெரியவர் அந்த வயிற்றில் பால் கவரும் இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அதற்கு யார் கடையில் மூட்டை அள்ளினார்கள்? குற்றம் சொல்லும்போது மட்டும் பை வியாபாரி, பை வியாபாரி. எனக்கு வலிக்காதா?

அதனால்தான் ஒவ்வொரு எண்ணையும் கேட்கிறேன். 52 கிலோ என்று ஒரு எண்ணைச் சொல்லித்தான் எங்கள் வாயில் மண்ணைப் போட்டார்கள்.

அரசலாற்றங்கரை | மதியம் 2.40

தடை 2019 ஜனவரி. அந்த 52 கிலோ 2019 அக்டோபர். உங்கள் சரக்கை அள்ளும்போது அந்த மாட்டை அறுக்கவே இல்லை. தேதியையாவது பார்த்து எழுதுங்கள்.

உங்கள் பையன்கள் வேலை போனதற்கு எனக்கும் வருத்தம்தான். பெரிய கம்பெனி உறையைத் தொடவில்லை என்பதும் அநியாயம்தான், அதை எதிர்த்து நீங்கள் எங்கே கையெழுத்துக் கேட்டாலும் போடுகிறேன். ஆனால் அந்த ஆத்திரத்தை மாட்டின் மேல் காட்டாதீர்கள். 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் தொடங்கினார்கள். பத்து ரூபாய் போட்டால் பை வருகிற மெஷின் வைத்தார்கள். துணிப்பை தைத்து விற்க உங்களுக்கு யார் தடை? உங்களுக்குத் தெரிந்த தொழில்தானே?

நான் காலை 6.10க்குக் கேட்டது ஒன்றே ஒன்று. மிச்சச் சோற்றை முடிச்சு போட்டுக் கட்டாமல், அப்படியே இலையோடு கொட்ட முடியுமா முடியாதா? வெறும் எச்சில் இலை என்றால் மாட்டுக்கு அது தீனி. வாழை இலையில் சாப்பிடுகிற ஊர் நம்முடையது. தூக்குவாளியில் சாம்பார் வாங்கிய ஊர். பாத்திரம் செய்து ஊருக்கெல்லாம் அனுப்புகிற கும்பகோணத்தில், ஓட்டலுக்குப் பாத்திரம் எடுத்துப்போக வெட்கப்படுகிறோம். 2028இல் மகாமகம் வருகிறது. எத்தனை லட்சம் பேர், எத்தனை பொட்டலம், எத்தனை முடிச்சு. இப்போதே வயிற்றைக் கலக்குகிறது எனக்கு.

மாயவரத்து மண் | மதியம் 2.58

மகாமகம், மகாமகம் என்று எல்லாவற்றிலும் கொண்டுவந்துவிடுவீர்களே. எங்கள் ஊர்த் துலாக் கட்டத்தில் ஐப்பசி முழுக்கக் காவிரியில் குளிக்கிற கூட்டம்தான். அங்கே கரையில் கிடக்கிற பழைய துணியையும் கவரையும் பற்றி ஒரு வரி உண்டா?

அரசலாற்றங்கரை | மதியம் 3.05

உண்டு, அதுவும் அசிங்கம்தான். ஆனால் அங்கே சோறு கட்டிப் போடவில்லை. நான் முடிச்சைக் கேட்கிறேன்.

மதகு | மாலை 4.20

மண்டபத்தில் சமையல்காரர் இலையைத் தனியாகக் கொட்டத் தயார்தான் அண்ணே. எங்கள் ஊர்க் கல்யாணத்தில் கேட்டுப் பார்த்தேன். வாட்ச்மேன் விட மாட்டேன் என்கிறார். இலை சிதறினால் நாற்றம், ஈ, அடுத்த பார்ட்டி குறை சொல்லும், பையில் கட்டினால்தான் சுத்தமாம். மனுஷன் கண்ணுக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று கட்டுகிற முடிச்சுதான் மாட்டுக்கு எமன்.

முன்சீப் கோர்ட் தெரு | மாலை 4.45

பையில் கட்டித்தான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்கத்தான் சொல்லியிருக்கிறது.

தஞ்சைத் தராசு | மாலை 5.02

சட்டம் வந்துவிட்டார். ஐயா, 52 கிலோவை எந்தத் தராசில் வைத்தார்கள் என்று உங்கள் சட்டப் புத்தகத்தில் இருக்கிறதா?

முன்சீப் கோர்ட் தெரு | மாலை 5.06

உங்களோடு பேசுவது வீண். காபி இழையிலேயே தெரிந்தது.

மட்டுறுத்துநர் | மாலை 5.30

ஊர்ப்பெயரைச் சொல்லி மட்டம் தட்டுவதையும் பழைய இழைச் சண்டைகளையும் நிறுத்துங்கள். காபி பற்றிய மற்ற நான்கு பதிவுகளை நகர்த்தியிருக்கிறேன்.

அரசலாற்றங்கரை | மாலை 6.15

நகர்த்தியது நல்லது. ஒரு செய்தி சொல்லிவிட்டு மறுபடி கேட்கிறேன். இப்போது கடைத்தெரு வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். மீன் கடை ஓரம் ஒரு நாய், தலை ஒரு ஊறுகாய் டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டு சுவர் சுவராக முட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பையன்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். சாக்கைப் போர்த்திப் பிடித்து, டப்பாவின் வாயைக் கத்தரியால் வெட்டி எடுத்தேன். கழுத்தைச் சுற்றி ரத்தம். விட்டதும் தண்ணீர் தேடித்தான் ஓடியது. எத்தனை நாளாக அப்படித் திரிந்ததோ. தராசு அவர்களே, அந்த டப்பா என்ன எடை என்று கேட்காதீர்கள்.

தஞ்சைத் தராசு | மாலை 6.28

நாய்க்கு நீங்கள் செய்தது நல்ல காரியம். அதற்கும் 52 கிலோவுக்கும் என்ன சம்பந்தம்? பேச்சை மாற்றுகிறீர்கள்.

அரசலாற்றங்கரை | மாலை 6.33

முடிச்சு. பதில் சொல்லுங்கள்.

தஞ்சைத் தராசு | மாலை 6.35

52. முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

கறவைக்காரி | இரவு 9.50

நாளைக்கு முகூர்த்தம். எங்கள் ஊர் மண்டபத்துக்குப் பின்னால் ராத்திரி சாப்பாட்டுக் குப்பையை இப்போதுதான் கொட்டியிருக்கிறார்கள், எல்லாம் கறுப்புப் பை, வாய் இறுகக் கட்டியது. அங்கே நான்கு மாடு நிற்கிறதாம். அதில் ஒன்று என்னுடைய கிடாரி, கயிற்றை உருவிக்கொண்டு போயிருக்கிறது. டார்ச் எடுத்துக்கொண்டு ஓட்டிவரப் போகிறேன். இருக்கிற பையை எல்லாம் கிழித்து இலையை வெளியில் கொட்டிவிட்டுத்தான் வருவேன், வாட்ச்மேன் என்ன சொன்னாலும் சரி.

தஞ்சைத் தராசு | இரவு 9.58

பார்த்தீர்களா, மாட்டை விட்டது யார் என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டார். சரி பெரியவரே, 52க்கு வாருங்கள்.